கடைசி உரிமத் தேர்வு

"ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டாள் உதவியாசிரியை தில்லைநாயகி.

"நாப்பது, அக்கா!" என்று கத்தியது மூன்றாம் வகுப்பு.

நேற்றுவரை ஐம்பத்தாறு என்று கூவிய பிள்ளைகள், இன்று கேட்டதற்கெல்லாம் தப்பாகவே சொன்னார்கள். அந்தப் பதில்களை வைத்துத்தான் சுவரிலிருக்கும் தேர்வு இயந்திரத்தின் கண் அவளுக்கு ஆசிரியர் உரிமம் தரும். இது கடைசி வாய்ப்பு; தவறினால் இருக்கிற வேலையும் போய்விடும்.

"கண்ணுங்களா, யோசிச்சுச் சொல்லுங்கடா!" என்று கெஞ்சினாள்.

"நாப்பதேதான்!"

"தேர்ச்சி இல்லை. பணி முடிந்தது" என்றது சுவர். கதவு தானாகத் திறந்தது.

முதல் வரிசையிலிருந்த நஸ்ரின் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "டீச்சராயிட்டா வேற ஸ்கூலுக்கு அனுப்பிருவாங்களாம்லக்கா? அதான் எல்லாரும் பேசி வச்சுத் தப்பாச் சொன்னோம். இனி எங்ககூடவேதானே இருப்பீங்க?"

தில்லைநாயகி இடுப்பைச் சுற்றியிருந்த சின்னக் கைகளை மெல்ல விலக்கினாள்.