பதினோரு மணி நேரத் தொலைவு

என் அண்ணன் இறந்தபோது அறையில் நான், என் மனைவி, அண்ணி, மருத்துவர், அண்ணன் மகன் ஆகிய ஐந்து பேர் இருந்தோம்.

அன்று நண்பகல் அண்ணன் மகனுடைய வீட்டுத் தொலைபேசிக்கு நான்தான் அழைத்தேன். நடுவே ஒன்பதாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் பதினோரு மணி நேரம்.

"சித்தப்பா, நம்ம நேரத்துக்கு மூணு மணி விமானம். நான் வர்ற வரைக்கும் அப்பாவ எப்படியாவது பிடிச்சு வைங்க."

"என் கையில என்னடா இருக்கு? முதல்ல கிளம்பு."

அன்று மாலை நான்கு மணிக்கே அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். சட்டை கசங்கியிருந்தது. ஒரு நாள் தாடி முளைத்திருந்தது.

"அதுக்குள்ள எப்படிடா வந்தே?" என்றாள் அண்ணி.

"நடுவுல எங்கயும் நிக்கலம்மா," என்று தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் அவனைப் பார்த்துச் சிரித்தார். நாலேகாலுக்குக் கண் மூடினார்.

பிறகு அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். வந்திறங்கிய முத்திரையில் மறுநாள் தேதி இருந்தது.

ஒரு வாரமாக உள்ளூரிலேயே ஒளிந்திருந்தவன், தகப்பன் சாகும் நேரத்துக்கு வந்து நின்றான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எங்கள் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான். அண்ணன் கண் மூடியபோது அவன் விமானத்தில் இருந்தான்.