துணைக்குப் போனவன்

முப்பத்திரண்டு வயதுவரை எந்தப் பெண்ணும் தன்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை என்பது வெற்றிவேலின் துக்கம். அதே துக்கமுள்ள ஆண்கள் இணையத்தில் கூடும் ஒரு குழுதான் அவனுக்கு உறவு. அங்கே பெண்களைத் திட்டுவார்கள். அலுத்ததும் தங்களையே திட்டிக்கொள்வார்கள்.

முந்தின நாள் தான் எழுதியதற்குப் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க, முத்தியால்பேட்டை பிரவுசிங் சென்டருக்குப் போனான். யாரும் பதில் போடவில்லை. குழுவில் இருந்த இன்னொரு பாண்டிச்சேரிக்காரர் தணிகாசலம் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

"செத்துடலாம்னு இருக்கேன்."

வெற்றிவேல் உடனே, "வேணாம்ண்ணே. பெரியாஸ்பத்திரில மனநல டாக்டர் இருக்காரு, போய்ப் பேசுங்க" என்று தட்டினான்.

"தனியா போவ மாட்டேன். நீ வர்றியா?"

"இதோ வரேன். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணிக்காதீங்க."

சைக்கிளை வெயிலில் மிதித்துக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த தணிகாசலம் அவன் கையைப் பிடித்தவர், விடவேயில்லை.

உள்ளே நர்ஸ் கேட்டார்: "யாருக்குப் பாக்கணும்?"

"இவருக்கு" என்றான் வெற்றிவேல்.

"இல்லம்மா, இந்தத் தம்பிக்கு."

வெற்றிவேல் திகைத்துப் பார்த்தான்.

"இதான் என் கடைசி வணக்கம்னு நேத்து எழுதிட்டுப் போனியே" என்றார் தணிகாசலம். "உனக்காகக் கூப்பிட்டா நீ வந்திருக்க மாட்ட. அதான் எனக்குன்னு சொன்னேன்."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"இருந்துச்சு. போன வருஷத்துலேருந்து இங்கதான் பாக்குறேன்."

வெற்றிவேல் நர்ஸ் பக்கம் திரும்பினான். தன் பெயரைச் சொன்னான்.