காண்டாமிருக மார்க்

"ஜெயிச்சதுக்கு என்னய்யா காரணம்? அதைச் சொல்லு முதல்ல!" என்று மேஜையைத் தட்டினார் முதலாளி ரகுபதி முதலியார்.

எதிரே கைகட்டி நின்ற ராசையா விழித்தான். 'காண்டாமிருக மார்க்' பூட்ஸ் கம்பெனியின் ஹாக்கி டீமுக்கு அவன்தான் கேப்டன். லீக் ஆரம்பித்த நாளிலிருந்து தோற்றுக்கொண்டே வந்த டீம், கடைசி ஆட்டத்தில் மட்டும் எண்ணெய் மில்காரர்களை மூன்று கோல் போட்டுத் தோற்கடித்திருந்தது.

தோற்றதற்கெல்லாம் காரணம் நிர்வாகமே கண்டுபிடித்துவிட்டது. ஒரு ஆட்டத்துக்கு அம்பயர், ஒரு ஆட்டத்துக்குக் கடல் காற்று, மீதிக்குக் கிரகக் கோளாறு. ஜெயித்ததற்குத்தான் விசாரணை தேவைப்பட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. லட்சுமி படத்துக்குச் சூடம் காட்டிய வாசனை முதலாளி அறையில் இன்னும் இருந்தது. தொழில் தோல்தான் என்றாலும், அந்த அறைக்குள் தோல் செருப்பு நுழையக்கூடாது என்பதில் முதலியார் ரொம்பக் கண்டிப்பு. முதலாளி, மேனேஜர், இரண்டு டைரக்டர்கள் எல்லோருமே வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா கேக்கறாரில்ல? வாயைத் திறடா" என்றார் மேனேஜர் சுப்புராயன்.

"அது வந்து சார்... பூட்ஸைக் கயட்டிட்டு ஆடினோம் சார். அதான் ஜெயிச்சிட்டோம்."

டைரக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கழட்டினது மட்டுமா? பதினோரு ஜோடியையும் கோல் போஸ்டுக்குப் பின்னாலே குப்பை மாதிரிக் குவிச்சிருக்கான் சார்" என்றார் மேனேஜர். "ராயபுரமே சிரிக்குது. டிராம் கண்டக்டர்கூட வண்டியை நிறுத்திட்டு வேடிக்கை பார்த்தானாம்."

முதலியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் டீம் எதுக்கு வெச்சிருக்கேன் தெரியுமா?"

"ஹாக்கி ஆடறதுக்கு சார்."

"பூட்ஸ் விக்கறதுக்கு! நீ தோத்தாலும் கால்ல நம்ம பூட்ஸ் இருந்துதுன்னா பார்க்கிறவன் வாங்குவான். வெறுங்கால்ல ஜெயிச்சா எவன் வாங்குவான்?"

ராசையாவுக்கு இது புதுச் செய்தி. கோல் போட்டால் முதலாளி சந்தோஷப்படுவார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

"சரி, எதுக்குக் கழட்டினே?" என்றார் முதலியார். கோபத்திலும் நாலு பேர் முன்னால் காரணம் கேட்காமல் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

"கடிக்குது சார்."

"எது?"

"பூட்ஸுதான் சார். ஓடசொல்ல குதிங்காலைப் புடுங்குது. பாதி ஆட்டத்துக்கே எல்லாரும் நொண்டிகினு கீறோம். பந்து ஒரு பக்கம் போவுது, காலு ஒரு பக்கம் போவுது."

"காண்டாமிருக மார்க் கடிக்காது" என்றார் முதலியார்.

"கடிக்கவே கடிக்காது" என்றார் ஒரு டைரக்டர்.

"ஏண்டா, நாங்கல்லாம் தினமும் போட்டுக்கிட்டு நடமாடலையா? உன் கால் மட்டும் என்ன, பட்டுல பண்ணின காலா?" என்றார் மேனேஜர்.

ராசையா குனிந்து தன் குதிங்கால் புண்ணைப் பார்த்துக்கொண்டான்.

"யார் முதல்ல கழட்டினது? பேரைச் சொல்லு. மத்தவங்களை விட்டுடறேன்" என்றார் முதலியார்.

ராசையாவுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. மனைவி கன்னியம்மாவுக்கு இது நிறைமாதம். ஹாக்கி ஆடத் தெரிந்ததால் கிடைத்த வேலை இது. போய்விட்டால் மறுபடியும் காசிமேட்டில் மச்சானுடைய கட்டுமரத்தில் கூலிக்கு ஏறவேண்டியதுதான். உண்மையில் முதலில் கழற்றியவன் கோல்கீப்பர் துரை. அவன் கட்டைவிரல் நகமே பெயர்ந்து போயிருந்தது.

"நான்தான் சார்" என்றான் ராசையா. "கேப்டன் சொன்னா மத்தவங்க கேக்கணும். அவங்க மேல தப்பு இல்ல."

"சொந்தக் கம்பெனி சரக்கை மதிக்காதவனுக்கு இங்கே வேலை கிடையாது. நாளையிலேருந்து வரவேண்டாம்" என்றார் முதலியார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "அடுத்த சீசன்லே பூட்ஸ் கயிறை ரெட்டை முடிச்சாப் போடச் சொல்லுங்க" என்றார்.

டீமைச் சீர்திருத்தும் வேலை அத்தோடு முடிந்தது.

ராசையா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். வாசலில் பியூன் கமாலுதீன் குந்தி உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களின் பூட்ஸுகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா ஆச்சு?"

"வூட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க பாய். கம்பெனி பூட்ஸை நான் மதிக்கலியாம்."

கமாலுதீனுடைய கை நின்றது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

ராசையா பளபளக்கும் வரிசையைப் பார்த்தான்.

"இன்னா பாய், தோலு வெண்ணெயாட்டம் கீது! நம்ம பேக்டரிலே இந்த மாதிரி நான் பாத்ததே இல்லியே?"

"இது எங்கே நம்ம பேக்டரி? இது முதலாளியோடது, லண்டன்லேருந்து கப்பல்ல வந்தது. இது மேனேஜரோடது, கல்கத்தாலே சீனாக்காரன் தச்சது. அந்த ரெண்டு ஜோடி டைரக்டருங்களோடது, அதுவும் சீமைச் சரக்குதான்."

"அப்போ காண்டாமிருகம் ஒண்ணுகூட இல்லியா?"

"ஏன் இல்லே? ஒண்ணு கீதே" என்று வரிசையின் கோடியைக் காட்டினார் கமாலுதீன்.

முதலாளியைப் பார்க்கப் போகிறோமே, மரியாதையாக இருக்கட்டும் என்று காலையில் ராசையா போட்டுக்கொண்டு வந்த ஜோடி அது. அதை மறுபடி காலில் மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிப் படியிறங்கினான்.