சேனல்காரன் திணித்த காட்சி

காலை வெயில் சமையலறை மேடையில் ஏறியிருக்கிறது. தொடர் இயக்குநர் குழாயடியில் பாத்திரம் தேய்க்கிறார். பெரிய சேனலில் அவருடைய புதுத் தொடர் நேற்றுதான் தொடங்கியிருக்கிறது. பழைய தொடரைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்; ஆனால் அவருக்காக உயிரை விடுவார்கள். அவர்கள் எழுதித் தள்ளியிருப்பதை மனைவி கைப்பேசியில் வாசித்துக்கொண்டே வருகிறாள். ஓரிடத்தில் குரல் நின்றுவிடுகிறது. "என்ன, திட்டா? படி" என்கிறார் அவர், திரும்பாமலே. அவள் வாசிக்கிறாள். "ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப எந்தப் பொம்பளையாவது, அடுப்பை அணைச்சீங்களான்னு புருஷன்கிட்ட கேப்பாளா? நம்ம ஆளு இப்படி எழுதவே மாட்டாரு. சேனல்காரன் திணிச்சிருப்பான்." தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. "பாவம், என்னை விட்டுக்குடுக்க மனசு வரலை அவங்களுக்கு." "நான்தான் கேட்டேன்னு எழுதிப் போடட்டுமா?" "வேணாம், விடு." அவள் கை தன்னையறியாமல் வயிற்றுத் தழும்பைத் துணிக்கு மேலாகவே தடவுகிறது. அடுப்பில் பால் நுரைத்து விளிம்பைத் தொடுகிறது. "என்னங்க, அடுப்பு" என்கிறாள். சோப்புக் கையோடு எட்டித் திருகுகிறார். "அணைச்சிட்டேன்." அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவள் கேட்டபோது அவருக்குப் பேச்சே வரவில்லை.