விராலைப் பிடித்த ரப்பர் தவளை

துடுப்புப் படகு சின்னது, ஒரு ஆள் உட்காரத்தான் இடம். அதனால் அன்வர் ஒரு தூண்டில் கோல், ஒரு ரீல், மீனுக்கு இரையாகக் காட்ட ஒரே ஒரு ரப்பர் தவளை போதும் என்று முடிவு செய்தார். தூண்டில் பெட்டியிலேயே தங்கிவிட்ட இன்னொரு போலி இரையான தகர மீனுக்கு முகம் வாடிவிட்டது.

"என்னை மட்டும் ஏன் எடுத்தார்? என் பச்சை நிறம் அப்படி!" என்றது தவளை.

ஏரியில் ஓரிடத்தில் சிவப்பு விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு எடுத்தன. அன்வர் குறிபார்த்து அவற்றின் நடுவே தவளையை வீசினார். உடனே பெரிய விரால் ஒன்று பாய்ந்து கவ்வி, மாட்டிக்கொண்டது.

படகுக்குள் துடித்த விராலிடம் தவளை கேட்டது: "என் நிறத்தில்தானே மயங்கினாய்?"

"நிறத்தை யார் பார்த்தது? எனக்குப் பசிகூட இல்லை. என் பிள்ளைகள் நடுவில் வந்து விழுந்தாய். விரட்டப் பார்த்தேன்."

படகு கரைக்குத் திரும்பியது. குஞ்சுகள் கொஞ்சத் தூரம் படகின் பின்னாலேயே வந்தன.

சாயங்காலம் தவளை பெட்டிக்குத் திரும்பியது.

"விரால் எப்படி மாட்டியது?" என்று தகர மீன் ஆவலாகக் கேட்டது.

"பச்சையைப் பார்த்ததும் சொக்கிப்போய்விட்டது, பாவம்" என்றது தவளை.