பழைய படம் எதுவும் கிடையாது

"டாக்டர்னு ஒருத்தரை அனுப்பறோம்னு கடையில சொன்னாங்க. நீங்கதானா அங்கிள்?"

கதவைத் திறந்த பெண்ணுக்குப் பதினேழு வயதிருக்கும். வந்தவர் கம்ப்யூட்டர் மெக்கானிக். மூச்சு நின்ற மெஷினைக்கூட எழுப்பி உட்கார வைத்துவிடுவார் என்று கடைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர்தான் 'டாக்டர்'. பல ஊர்களில் பல கடைகள் மாறி, இந்தக் கடையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். கால் மிதியிலேயே நின்றுவிட்டது. பிறகு, வேறு யாரையாவது அனுப்ப முடியாதா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, வேறு ஆள் இல்லை என்றார் மெக்கானிக். கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது, போனில் அந்த இணையப் பக்கம் திறக்கவே இல்லை என்று மகள் பதறினாள். அம்மா மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

மேஜை மேல் இருந்தது யாரோ வேண்டாமென்று கொடுத்த பழைய டெஸ்க்டாப். போன வாரம் மாமா வந்து, புது ஓ.எஸ். போட்டுத் தருகிறேன் என்று பென்டிரைவைச் செருகியிருக்கிறார். பாதியில் நின்றுபோனதும், பழைய இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். அதற்குப் பிறகு இவளாகவே நான்கு தடவை முயன்று பார்த்திருக்கிறாள்.

"எந்த இடத்துல நின்னுதுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

அவள் ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். தேதி, நேரம், நின்ற இடம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. அறுபத்தேழு சதவீதம். நாற்பத்தொன்று. இருபத்துமூன்று. ஐம்பத்தெட்டு.

மெக்கானிக் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிக் குறித்துவைக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். யாருமில்லை, சின்ன வயதிலிருந்தே பழக்கம் என்றாள்.

"ஒரே இடத்துல நின்னா பென்டிரைவ் மேல சந்தேகப்படலாம். ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நிக்குதுன்னா, பெரும்பாலும் ரேம்தான். பாதி வேலையை நீயே முடிச்சுட்டே."

பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே பஞ்சு மாதிரி தூசி. இரண்டு ரேம்களையும் உருவி, அழிரப்பரால் முனைகளைத் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று சோதனை ஓட்டத்தில் முப்பது சதவீதத்திலேயே மக்கர் செய்தது. இன்னொன்று நன்றாக இருந்தது, ஆனால் அது மட்டும் இருந்தால் மெஷின் நத்தை மாதிரி ஊரும். தன் பையிலிருந்து ஒரு ரேமை எடுத்துச் செருகினார். சும்மா கொடுப்பது எதுவும் வேண்டாம் என்றார் அம்மா. கடையில் தூக்கிப் போட்ட சாமான்தான் என்றார் இவர்.

"டிஸ்க்கை முழுசா அழிச்சுட்டுத்தான் போடணும். பழைய படம் ஏதாவது இருக்கா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"பழைய படம் எதுவும் இந்த வீட்டுல கிடையாது. அழிச்சிடுங்க" என்றார் அம்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேலை ஓட ஆரம்பித்தது. மகள் டீ போட உள்ளே போனாள். திருகாணிகளை ஒரு மூடியில் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டார்.

"பாதியில விட்டுட்டுப் போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அவ ரொம்ப நம்பிட்டிருக்கா."

"முடிச்சுட்டுத்தான் போவேன்."

"அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வர வேண்டியிருக்காதே?"

"மறுபடி ஏதாவது கோளாறு வந்தா..."

"வந்தா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

மெக்கானிக் தலையை ஆட்டினார். கையிலிருந்த திருகாணி ஒன்று நழுவி எங்கோ உருண்டு போனது. அவர் அதைத் தேடவில்லை.

டீயோடு வந்த மகளுக்குச் சங்கடமாகிவிட்டது. அம்மா யாரிடமும் இப்படி வெடுக்கென்று பேசுகிறவர் இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னாள். அவர் டீயை ஊதி ஊதி, ஒரு மணி நேரம் குடிக்கலாம் என்பதுபோல் குடித்தார்.

திரையில் இருபத்துமூன்று தாண்டியது. நாற்பத்தொன்று தாண்டியது. ஐம்பத்தெட்டு வந்ததும் அவள் விரலைக் கடித்துக்கொண்டாள். அறுபத்தேழில் ஒரு கணம் தயங்கி, பிறகு அதுவும் தாண்டியது. நூறு வந்தபோது அவள் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். பிடித்த கையை அவர் உடனே விடவில்லை.

நெட் இணைப்பையும் கொடுத்து முடித்தபோது மணி மூன்றரை. இனி அவர் கிளம்பலாம் என்றார் அம்மா.

"இருங்க அங்கிள். ஃபாரம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்துட்டுப் போங்க."

மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பக்கம் திறந்தது. அவள் தன் பெயரை அடித்தாள். பிறந்த தேதியை அடித்தாள். அம்மாவின் பெயரை அடித்தாள். ஜன்னலோரம் தையல் மெஷினின் சத்தம் நின்றது.

'தந்தை பெயர்' என்ற கட்டத்தில் மெக்கானிக்கின் பெயரை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அடித்தாள். பக்கத்துக் கட்டத்தில் 'காலமாகிவிட்டார்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, திரும்பி, "இப்ப எல்லாம் சரியா வேலை செய்யுது அங்கிள்" என்றாள்.