பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஆட்டம்

"பத்துப் பேர் சேராம ஒரு காயும் நகரக் கூடாது" என்றான் இசிதோரோ.

ரயில்வே அணிக்காரர்கள் ஆறு பேரும் சதுரங்கப் பலகைகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது. ஆட வேண்டியது ஆறே பேர். எங்கள் பக்கம் ஒன்பது பேர் இருந்தோம். கெஞ்சினோம், திட்டினோம். அவன் அசையவில்லை.

கடைசியில் ரயில்வேக்காரர்கள் எழுந்து, ஆடாமலே ஜெயித்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். போட்டிக் கோப்பையும் அவர்களோடு போயிற்று.

அப்போதெல்லாம் புவெனோஸ் ஐரெஸில், எங்கள் பேட்டை யூத வாலிபர்களுக்கு அந்த மாடி அறைதான் உலகம். திங்கள் நடனம், புதன் பாட்டு, வியாழன் சதுரங்கம். அதை நடத்துகிற இசிதோரோவுக்குச் சம்பளம் கிடையாது. வசவு மட்டும் உண்டு. அங்கே நாங்கள் குடித்த மாத்தே தேநீரைத் தெருவில் கொட்டியிருந்தால் துறைமுகத்துக் கப்பல் எங்கள் வாசலுக்கே வந்திருக்கும்.

மாத்தே போடுவது நத்தாலியோ. குதிரைக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாதவன். தையல்காரரான அவன் அப்பா அந்த வருஷம்தான் இறந்தார். பழுத்த நாத்திகர். ஜெபக்கூடத்து வாசலை மிதிப்பதில்லை என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினார்.

அந்தக் குளிர்காலத்தில் இசிதோரோவுக்கு இரண்டு கிறுக்கு பிடித்திருந்தது. ஒன்று, இந்தப் பத்துப் பேர். இன்னொன்று, நத்தாலியோ சுவர்ப்பக்கம் திரும்பி, கெட்டிலோடு ஏதோ முணுமுணுப்பான். இசிதோரோ கையைத் தூக்குவான். நாங்கள் 'ஆமென்' என்று கத்த வேண்டும். தண்ணீர் கொதித்தால் மாத்தே கெட்டுவிடுமாம், அதற்கு வேண்டுதலாம். கத்திவிட்டுச் சிரிப்போம்.

அன்று ரயில்வேக்காரர்கள் போன பிறகுதான் சவுல் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். பத்தாவது ஆள்.

"வாங்க துரை. கோப்பையக் குடுத்து வழியனுப்பியாச்சு" என்றான் எங்கள் அணிக்காரன் கிரெகோரியோ. பிறகு இசிதோரோவிடம் திரும்பினான். "உனக்குப் பத்துப் பேர்தானே வேணும் மாப்ளே? பத்துப் பேரும் இருக்கோம். சாவிய வச்சுட்டுக் கெளம்பு."

இசிதோரோ அறைச் சாவியை மேசைமேல் வைத்தான்.

"கெளம்பறேன். மொதல்ல மாத்தே. நத்தாலியோ, ஆரம்பிப்பா."

நத்தாலியோ சுவர்ப்பக்கம் திரும்பினான். இசிதோரோ கையைத் தூக்கினான். கோபத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் ஒருவன் மட்டும் 'ஆமென்' என்றான்.

நத்தாலியோ தயங்கினான். பிறகு தொடர்ந்தான். சிரிப்பு இல்லாததால் அன்றுதான் வார்த்தைகள் காதில் விழுந்தன.

கிரெகோரியோ சின்ன வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்தவன். அந்த வார்த்தைகள் அவனுக்கு மனப்பாடம். செத்துப்போன அப்பாவுக்காக மகன் ஜெபக்கூடத்தில் சொல்கிற ஜெபம். யூத ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம். கூட நிற்பவர்கள் ஆமென் சொல்ல வேண்டும்.

கிரெகோரியோ, ஜெபத்துக்கு நிற்கிற வழக்கப்படி, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"ஆமென்."

பிறகு நாங்களும் சொன்னோம்.

மாத்தே வந்தது. தண்ணீர் கொதித்துப்போய் ஒரே கசப்பு. கிரெகோரியோ கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினான். சாவியை எடுத்து இசிதோரோவின் சட்டைப்பையில் போட்டான். சவுலைப் பார்த்து முறைத்தான்.

"டேய், அடுத்த வியாழக்கிழமை லேட்டா வந்தே, தொலைச்சுடுவேன். ஒன்பது பேர வச்சுக்கிட்டு எவன்டா சதுரங்கம் ஆடுவான்?"